30,000 ரூபாய்க்குள் பாட்டும் படமும்: ஒரு மைக் செட்டுக்காரர் வீட்டுக் கணக்கு

எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் அது டிவி சத்தத்துக்காகத்தான் வரும். அப்பா 38-ல் வைப்பார், பேச்சு புரியவில்லை என்று 45-க்கு ஏற்றுவார், அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஏதாவது வெடிக்கும், உள்ளே படித்துக்கொண்டிருக்கிற பையன் கதவைப் படாரென்று சாத்துவான், அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து 20-க்கு இறக்குவார், மறுபடி பேச்சு கேட்காது. நாலு வருஷம் இப்படியே ஓடியது. போன தீபாவளிக்கு போனஸ் வந்தபோது 30,000 ரூபாயைத் தனியாக எடுத்துவைத்தேன். படத்தில் பேச்சு புரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டு போட்டால் பாட்டாகக் கேட்க வேண்டும், இரண்டும் இந்தப் பணத்துக்குள் நடக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். அவர் மைக் செட்டுக்காரர். கடலூரிலும் நெல்லிக்குப்பம் பக்கத்து ஊர்களிலும் முப்பது வருஷத்துக்கு மேல் செட் கட்டியவர். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், ஆடியில் கூழ் ஊற்றும் திருவிழா, மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினம் கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் அவருடைய கூம்புகள் போகும். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையேறியபோது செட் வைத்திருந்த கொட்டகைக் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது, ஆம்ப்ளிஃபயர்கள் மழையில் ஊறிப் போயின. அதற்குப் பிறகு அவர் அந்தத் தொழிலுக்குத் திரும்பவில்லை. ஆனால் கை எதையும் மறக்கவில்லை. இந்த விஷயத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிட அவர் பக்கத்தில் உட்கார்ந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

முதலில் ஒரு பழைய தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2016-ல் நான் யாரிடமும் கேட்காமல் ஒரு 5.1 செட் வாங்கினேன். 8,200 ரூபாய். அட்டைப்பெட்டி முழுக்க 'பிஎம்பிஓ 9000 வாட்ஸ்' என்று கொட்டை எழுத்து. ஐந்து குட்டி ஸ்பீக்கர், தரையில் வைக்க ஒரு பெரிய பெட்டி, நீல விளக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியதும் அப்பா அந்தப் பெரிய பெட்டியைத் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்ஸ். "கரண்டுலேர்ந்து எடுக்குறதே அறுபது வாட்ஸும்மா, இதுல ஒன்பதாயிரம் எங்கேர்ந்து வரும்? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்றார். பிஎம்பிஓ என்பது விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய எண், அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட்ஸ், என்று போட்டிருப்பதைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் எத்தனை ஓமுக்கு (ஸ்பீக்கரின் மின்தடைக்கு) என்று சேர்த்துப் போட்டிருந்தால்தான் கணக்கு. அது எழுதாத பெட்டியாக இருந்தால் பின்பக்க ஸ்டிக்கரில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று பாருங்கள், அதற்கு மேல் தொடர்ந்து சத்தமாக வெளியே வர வழியே இல்லை. அந்த செட்டில் அடிச்சத்தம் (பேஸ்) மட்டும் 'தொம் தொம்' என்று வரும், பாடுகிறவர் குரல் ஏதோ பானைக்குள் இருந்து வருவதுபோல் இருக்கும். ஒன்றரை வருஷத்தில் இரண்டு சின்ன ஸ்பீக்கர் ஊமையாகிவிட்டன.

வாட்ஸைவிட முக்கியமான ஒரு எண்ணை அப்பாதான் காட்டினார். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி நின்றால் எத்தனை டெசிபல் சத்தம் வருகிறது என்பது. இதில் 3 டெசிபல் கூடினால், அதே சத்தத்துக்குப் பாதி வாட்ஸ் போதும். அவருடைய கூம்பு ஸ்பீக்கர்களில் இந்த எண் 100-ஐத் தாண்டும், அதனால்தான் சின்ன ஆம்ப்ளிஃபயரை வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிறமாதிரி பாட்டு போட முடிந்தது. வீட்டில் வைக்கிற சின்ன மர ஸ்பீக்கர்களில் 85-லிருந்து 89 வரை இருக்கும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கிற சாதாரண சத்தத்துக்கு உண்மையில் சில வாட்ஸ்தான் செலவாகிறது. ஆயிரக்கணக்கில் வாட்ஸ் தேடி அலையவே வேண்டாம்.

சரி, அப்பாவுக்கு ஏன் பேச்சு புரியவில்லை? அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காது பரிசோதனை செய்தோம். வரைபடத்தில் கீழ்ச்சுருதிகள் ஓரளவு நன்றாக இருந்தன, மேல்சுருதியில், 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். வருஷக்கணக்கில் பெரிய சத்தத்துக்கு நடுவில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் குறையும், வயதானால் அதற்கு மேலேயும் குறையும் என்று பரிசோதித்தவர் சொன்னார். நாம் பேசும்போது உயிரெழுத்துகள் கீழே கனமாக இருக்கும். ச, த, ட மாதிரியான மெய்யெழுத்துகளின் கூர்மை மேலே இருக்கும். மேலே குறைந்தால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. 'காது கேக்குது, பேச்சு வெளங்கல' என்று அப்பா நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்ததன் பொருள் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவருக்காகச் சத்தத்தை ஏற்றினோமே, அதில் ஏறியதெல்லாம் அவருக்கு ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த அடிச்சத்தம்தான். போதாததற்கு இப்போதைய டிவிகள் அட்டைமாதிரி மெல்லிசாக வருகின்றன, அதன் ஸ்பீக்கர் கீழ்நோக்கியோ பின்னால் சுவரை நோக்கியோ பேசுகிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் கோபப்படாதீர்கள், முதலில் ஒரு பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். கருவி வாங்குவது அதற்கு அப்புறம்.

ஆக எனக்கு வேண்டியது நேராக முகத்தைப் பார்த்துப் பேசுகிற ஸ்பீக்கர், தெளிவான நடுச்சுருதி. எட்டுத் திசையிலும் சத்தம் தேவையில்லை. இதை முடிவு செய்த பிறகு பாதி குழப்பம் போய்விட்டது. 30,000-த்தை ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்-வூஃபருக்கும் (அடிச்சத்தத்துக்கான பெரிய பெட்டி) ஒரு ஆம்ப்ளிஃபயருக்கும் பங்கு போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம்கூட வராது, ஏழும் சுமாராகத்தான் இருக்கும். அதையே இரண்டு ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் உருப்படியாக இருக்கும், பின்னால் பணம் வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். பாட்டு பெரும்பாலும் இடது, வலது என்று இரண்டு சேனலில்தான் பதிவாகியிருக்கிறது, அதற்கு இரண்டு நல்ல ஸ்பீக்கர் போதும். பணத்தில் பாதியாவது ஸ்பீக்கருக்குப் போக வேண்டும் என்பது என் கணக்கு.

டிவிக்குக் கீழே வைக்கிற நீளக் குச்சி ஸ்பீக்கர், சவுண்ட்பார், வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். வாடகை வீடு, ஒயர் இழுக்க முடியாது, படம் மட்டும்தான் பார்ப்பேன் என்றால் வாங்குங்கள், தப்பே இல்லை. ஆனால் பேச்சுக்கென்று தனியாக நடு சேனல் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், டிவியோடு எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் சத்தத்தைத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக இணைகிறதா என்று கேளுங்கள். பாட்டுக்கு அது எனக்கு ஒத்துவரவில்லை. மூன்றடி நீளக் குச்சிக்குள் இடதும் வலதும் ஒட்டிக்கொண்டு நின்றால் வீணை எங்கே மிருதங்கம் எங்கே என்று பிரித்துக் கேட்க முடிவதில்லை. அப்புறம், அதில் ஒரு பகுதி கெட்டால் மொத்தத்தையும் தூக்கிப் போடவேண்டி வரலாம்.

கடலூரில் இரண்டு கடை பார்த்துவிட்டு, தம்பியோடு புதுச்சேரி போனேன். ஒரு காலத்தில் எல்லையில் இருக்கிற முள்ளோடையைத் தாண்டிப் போய் வாங்கினால் வரி குறைவு என்று எங்கள் ஊர்க்காரர்கள் டிவியும் டேப்ரெக்கார்டரும் பாண்டியில்தான் வாங்குவார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு வரியில் அந்த வித்தியாசம் கிடையாது, இன்னும் அதை நம்பிப் போகிறவர்கள் பஸ் காசைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் போனது விலைக்காக அல்ல, உட்கார்ந்து கேட்கவிடுகிற கடை ஒன்று அங்கே இருக்கிறது என்று கேள்விப்பட்டதால். கடைக்காரர் முதல் பத்து நிமிஷம் தம்பியைப் பார்த்தே பேசினார், நான் பென் டிரைவை எடுத்து நீட்டிய பிறகு என் பக்கம் திரும்பினார்.

அந்த பென் டிரைவில் நாலே நாலு விஷயம் வைத்திருந்தேன். எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று, பேஸ் கிட்டார் நன்றாக ஓடுகிறது. நல்ல ஸ்பீக்கரில் அந்த பேஸ் ஒரு தனி மெட்டாக, படிப்படியாக ஏறி இறங்குவது தெரியும். மட்டமான ஸ்பீக்கரில் எல்லாப் படியும் ஒரே 'பொம்' ஆகிவிடும். இரண்டாவது நாதஸ்வரமும் தவிலும். நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது காதைக் குத்தக் கூடாது, தவிலில் வலந்தலையின் வெட்டும் தொப்பியின் கனமும் தனித்தனியாக விழ வேண்டும். மூன்றாவது ஒரு பெண் குரல், கூட வெறும் தம்புரா. நான்காவது மழை பெய்கிற காட்சியில் இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொள்கிற ஒரு படத்துண்டு, இது அப்பாவுக்காக. கடைக்காரர் அவர் வழக்கமாகப் போடுகிற வீடியோவைப் போட்டால் எல்லா ஸ்பீக்கரும் பிரமாதமாகத்தான் இருக்கும், அதற்காகவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பார்கள். உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். பேஸ், ட்ரெபிள் இரண்டையும் நடுவில் வைக்கச் சொல்லுங்கள். இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தம் ஒரே அளவில் இருக்கிறதா என்று கவனியுங்கள், கொஞ்சம் சத்தமாக ஓடுகிறதுதான் எப்போதும் நல்லதுபோல் காதுக்குத் தோன்றும், நான் முதலில் அதில்தான் விழப் பார்த்தேன்.

கடைசியில் எடுத்தது ஐந்து அங்குல வூஃபர் (கீழ்ச்சுருதிக்கான வட்டம்) உள்ள சின்ன மர ஸ்பீக்கர் ஜோடி, 8 ஓம், 87 டெசிபல், 13,500 ரூபாய். அங்கே அதைவிட அடி அதிகமாக வருகிற இன்னொரு ஜோடி இருந்தது, தம்பிக்கு அதுதான் பிடித்தது. மழைக் காட்சியில் பேச்சு இதில்தான் தெளிவாக வந்தது, அதனால் இதை எடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் தம்பியும் ஒத்துக்கொண்டான்.

ஆம்ப்ளிஃபயரைப் பழையதாக வாங்கினேன். இதில் என் கருத்து உறுதியானது: காசு குறைவாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரைப் பழையதாக வாங்கலாம், ஸ்பீக்கரைப் பழையதாக வாங்குவதென்றால் தொட்டுப் பார்க்காமல் வாங்கவே கூடாது. ஒரு தடவை புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பெரிய ஸ்பீக்கர் ஜோடி 1,200 ரூபாய்க்குக் கிடந்தது, எனக்கு ஆசை. அப்பா கூட இருந்தார். முன்பக்கத் துணிச் சட்டத்தைக் கழற்றி, கோனை (முன்னும் பின்னும் அசைகிற கூம்புத் தகட்டை) சுற்றியிருக்கிற வளையத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டார். ஃபோம், அப்படியே கேழ்வரகு மாவுபோல் உதிர்ந்தது. நம் கடலோர ஈரக் காற்றில் ஃபோம் வளையம் நாள்பட்டால் மக்கிவிடும், ரப்பர் வளையம் ரொம்ப வருஷம் தாங்கும். பழசு வாங்குகிறவர்கள் இதை முதலில் பாருங்கள். பிறகு கோனை இரண்டு கை விரல்களாலும் சமமாக, மெதுவாக உள்ளே அமுக்குங்கள். சரசரவென்று உரசினால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் இடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், விட்டுவிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயராக நான் எடுத்தது ஏவி ரிசீவர், டிவியையும் ஸ்பீக்கர்களையும் இணைக்கிற பல சேனல் பெட்டி. அது புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் கிடைத்தது. வெளிநாடு போகிற குடும்பம், 10,000 சொன்னார்கள், 8,500-க்கு முடிந்தது. வாங்கும் முன் ஒரு மணி நேரம் அங்கேயே ஓடவிட்டுப் பார்த்தோம். எச்டிஎம்ஐ துளைகள் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் இடி மின்னலில் பெட்டி பிழைத்தாலும் எச்டிஎம்ஐ போர்டு போய்விடுவது நிறைய நடக்கிறது. ஐந்து சேனலிலும் சத்தம் வருகிறதா, வால்யூம் திருகும்போது கரகரப்பு இருக்கிறதா, எல்லாம் பார்த்த பிறகு அப்பா கையை மேலே வைத்துச் சூடு பார்த்தார். டிவிக்குப் போகிற துளை ஏஆர்சி ஆதரிக்கிறதா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். அது இருந்தால் ஒரே கேபிளில் டிவியின் எல்லாச் சத்தமும் ரிசீவருக்கு வந்துவிடும். இல்லாவிட்டால் ஆப்டிகல் கேபிள் போதும், சாதாரண டால்பி 5.1 அதில் வரும்.

ஒயருக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டார்கள். வாங்கவில்லை. எலக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கினேன், மொத்தம் 20 மீட்டர், 560 ரூபாய். இந்தக் கம்பி மீட்டருக்கு 0.012 ஓம் சுமாராக இருக்கும், ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஸ்பீக்கர் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன், 2,400. ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சின்ன வட்டம்) நான் நாற்காலியில் உட்காரும்போது காது உயரத்துக்கு வர வேண்டும் என்று அளவு கொடுத்தேன், ஸ்பீக்கரின் அடியில் ரப்பர் துண்டு. ஆக 24,960.

மாட்டின அன்றைக்கு ராத்திரி எனக்கு அழுகையே வந்துவிட்டது. கடையில் கேட்டதில் பாதிகூட இல்லை. அடியே இல்லை, பாடுகிறவர் குரல் அறை முழுக்கக் கலைந்துபோய் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. நான் ரிசீவர் பழுது என்று நினைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஃபேஸ் மாறிப் போச்சு கண்ணு" என்றார். ரிசீவரை அணைத்து, பின்னால் இருந்து ஸ்பீக்கர் ஒயர்களை முழுசாகக் கழற்றச் சொன்னார். டிவி ரிமோட்டிலிருந்து ஒரு பேட்டரியை எடுத்தார், அதே 1.5 வோல்ட் பென்சில் பேட்டரி. "நீ போய் கோனைப் பாரு" என்றார். நான் ஸ்பீக்கரின் முன்சட்டத்தைக் கழற்றிவிட்டு போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குனிந்தேன். அவர் அங்கே சிவப்பு ஒயரை பேட்டரியின் மேல்முனையிலும் கறுப்பைக் கீழ்முனையிலும் ஒரு நொடி தொட்டு எடுத்தார். இடது ஸ்பீக்கரில் 'டக்', கோன் என்னை நோக்கி வெளியே வந்தது. வலது ஸ்பீக்கரில் 'டக்', கோன் உள்ளே போனது. நான் ஒயரை நடுவில் ஒட்டுப் போட்ட இடத்தில் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தது. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக இழுத்துக்கொண்டிருந்தால் அடிச்சத்தம் அறைக்குள் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த ஒட்டை மாற்றிப் போட்டு மறுபடி வைத்ததும் பேஸ் கிட்டார் வந்துவிட்டது, குரல் டிவிக்கு நேர் நடுவில் வந்து நின்றது. புது செட் வாங்கி ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றினால் முதலில் இந்தப் பேட்டரி சோதனையைச் செய்யுங்கள். ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், ஒரு நொடிக்கு மேல் தொடக் கூடாது.

அடுத்த இரண்டு வாரம் வைக்கிற இடத்துக்கே போனது. காசு செலவில்லாமல் அதிகப் பலன் கிடைத்தது இதில்தான். எங்கள் கூடம் 12-க்கு 16 அடி, காங்கிரீட் சுவர், தரையெல்லாம் டைல்ஸ். கை தட்டினால் 'டிய்ங்' என்று ஒரு எதிரொலி பிடிக்கும். முதலில் ஸ்பீக்கர்களை மூலையோடு மூலையாக ஒட்டி வைத்தேன், இடம் அடைக்காது என்று. அடி உறுமியது, பேச்சு மூடிக்கொண்டது. சுவரிலிருந்து ஓரடி முன்னால் இழுத்தேன், இரண்டுக்கும் நடுவில் ஆறரை அடி, நாங்கள் உட்காருகிற இடம் எட்டடி. லேசாக உள்பக்கம் திருப்பினேன். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் தரையில் சாக்பீஸால் கோடு. அப்பா கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் வெளிய... போதும்... இப்ப நடுவுல நிக்கிது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அறையின் நீள அகலத்தைப் பொறுத்துச் சில கீழ்ச்சுருதிகள் தானாகப் பெருகும். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகிறது, எங்கள் 12 அடி அகலத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் 16 அடி நீளத்துக்கு 35 பக்கத்திலும் பெருகும். அதை எந்த விலை ஸ்பீக்கராலும் தடுக்க முடியாது, உட்காருகிற இடத்தையும் வைக்கிற இடத்தையும் மாற்றித்தான் சமாளிக்க முடியும். சோபாவைப் பின்சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் தள்ளினோம், உறுமல் பாதி போனது. ஸ்பீக்கரின் பின்னால் இருக்கிற காற்றுத் துளையில் பழைய காட்டன் துணியைச் சுருட்டிச் செருகினேன், மீதியும் அடங்கியது.

எதிரொலிக்குத் தரையில் கனமான ஜமுக்காளம் விரித்தோம். பக்கச் சுவரில் புத்தக அலமாரி, எதிர்ச் சுவர் ஜன்னலுக்குக் கெட்டித் திரை. எல்லாம் வீட்டில் இருந்ததுதான். இப்போது கை தட்டினால் வெறும் தட்டல் மட்டும் கேட்கிறது. சுவரில் முட்டைத் தட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது பெரிதாக எதையும் உறிஞ்சாது, தீப்பிடிக்கும் பொருள் வேறு.

மூன்றாவது வாரம் 'ம்ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல் ஆரம்பித்தது. பாட்டு நின்றாலும் அது நிற்காது. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிப் பார்த்ததில், செட்-டாப் பாக்ஸின் பின்னால் திருகியிருக்கிற உருண்டைக் கேபிளைக் கழற்றியதும் டக்கென்று நின்றது. தெருக் கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒரே நிலையில் இல்லாததால் இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் ஓடி அந்த 50 ஹெர்ட்ஸ் முனகல் வருகிறது. கேபிளுக்கு நடுவில் மாட்டுகிற சின்ன ஐசோலேட்டர் ஒன்று வாங்கிப் போட்டதும் சரியாகிவிட்டது. சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கும் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் இல்லாத செட்டில் மைக்கைப் பிடித்தவர் ஷாக் அடித்து மேடையிலேயே விழுந்ததை அப்பா நேரில் பார்த்திருக்கிறார், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் என்னைத் திட்டியே சொல்லிக்கொடுத்தார். இன்னொன்று, வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக இருந்தால் ரிசீவரை அந்த லைனில் போடாதீர்கள், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் கத்தும், சூடாகும்.

இவ்வளவு செய்தும் அப்பாவின் பிரச்சினை முழுசாகத் தீரவில்லை. இரண்டு ஸ்பீக்கரை வைத்துப் பேச்சை நடுவில் நிறுத்துவது நடுவில் உட்காருகிறவருக்குத்தான் வேலை செய்யும். அப்பாவின் நாற்காலி ஜன்னலோரம், கடல்காற்று வருகிற இடம், அதை மாற்ற மாட்டார், மாற்றச் சொல்லவும் எனக்கு மனசில்லை. அங்கிருந்து அவருக்குப் பேச்சு இடது ஸ்பீக்கரில் இருந்தே வந்தது. அதனால் மீதியிருந்த 5,040 ரூபாயில் ஒரு நடு ஸ்பீக்கர் தேடினேன். அதே நிறுவனம், அதே வரிசை, இல்லாவிட்டால் குரலின் நிறம் இடத்துக்கு இடம் மாறும். பழசாக 4,000-க்குக் கிடைத்தது, ரப்பர் வளையம், தொட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். டிவிக்குக் கீழே வைத்து முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, காதை நோக்கிப் பார்க்கும்படி ஆப்பு கொடுத்தேன். ரிசீவரில் நடு சேனலை மட்டும் 3 டெசிபல் ஏற்றினேன்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று இருக்கிறது. படத்தின் 5.1 ஒலியில் பேச்சு பெரும்பாலும் நடு சேனலில்தான் இருக்கும். உங்களிடம் நடு ஸ்பீக்கர் இல்லை என்றால் ரிசீவர் அமைப்பில் 'சென்டர் இல்லை' என்று சொல்லிவிட வேண்டும், சொல்லாவிட்டால், இல்லாத அந்த ஸ்பீக்கருக்கே பேச்சு போய்க் காணாமல் போகும். வெறும் இரண்டு சேனல் ஆம்ப்ளிஃபயர் என்றால் டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்று மாற்றிவிடுங்கள், டிவியே எல்லாவற்றையும் இரண்டாகக் கலந்து அனுப்பும். ராத்திரி நேரத்துக்கு 'நைட் மோட்' என்று ஒன்று இருக்கிறது, வெடிச்சத்தத்தை அமுக்கி மெல்லிய பேச்சைத் தூக்கிக் கொடுக்கும். பையனின் பரீட்சை சமயத்தில் அதுதான் வீட்டைக் காப்பாற்றியது. பாட்டு கேட்கும்போது அதை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மிருதங்கம் செத்துப்போகும்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் வீட்டில் செம்பு முனைகள் ஆறு மாதத்தில் பச்சை பூத்துவிடும். ஒயர் முனைகளை வெறுமனே திருகாமல் பனானா பிளக் (நேராகச் செருகுகிற உலோக முனை) போட்டோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்துத் துடைத்து மாட்டுகிறோம். ரிசீவரை மூடி வைக்காமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுகிறோம், உள்ளே சூடு ஏறினால் ஈரம் தங்காது. மின்னல் வெட்டினால் பிளக்கையும் கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுகிறோம்.

சப்-வூஃபர் வாங்கவில்லை. மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கைக்குழந்தை இருக்கிறது, இப்போதைக்கு இந்த அடியே போதும். வாங்கும்போது அதை நாங்கள் உட்காருகிற சோபாவில் வைத்து ஓடவிட்டு, நான் அறை ஓரமாகத் தவழ்ந்துபோய் எங்கே அடி சீராகக் கேட்கிறதோ அந்த இடத்தில் நிரந்தரமாக வைக்கப் போகிறேன்.

ரிசீவரின் வால்யூம் மைனஸில் காட்டும், மேலே போகப் போக எண் குறையும். அப்பாவுக்கு முதலில் அது பிடிபடவே இல்லை. "மைனஸ் நாப்பதுன்னா சத்தமே இருக்கக் கூடாதேம்மா" என்றார். இந்தப் பெட்டியில் பூஜ்யம் என்று வைத்திருக்கிற ஓர் அளவிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறோம் என்கிற கணக்குதான் அது என்று சொன்னதும் புரிந்துகொண்டார். மறுநாள் பார்த்தால், பழைய ஆம்ப்ளிஃபயர்களில் ஒட்டுவதுபோலவே ரிசீவரின் நெற்றியில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் எழுதிவைத்திருந்தார்: செய்தி –42, சீரியல் –44, படம் –36, நாதஸ்வரம் –30.

அம்மா சீரியலை மட்டும் அடித்து –40 ஆக்கியிருக்கிறார்.